சேஃப்டி லீடர்ஷிப், ரிஸ்க் கன்சல்டன்சி எல்லாம் கண்துடைப்பா? கொஞ்சம் நீளமான பதில்

கெமிக்கல் பிளான்ட்ல ஷிஃப்ட் இன்சார்ஜா இருக்கேன், மேனேஜ்மென்ட் வெளியில இருந்து ரிஸ்க் கன்சல்டன்ட் டீமை கூட்டிட்டு வந்து சேஃப்டி லீடர்ஷிப் ப்ரோக்ராம்னு ஆரம்பிச்சிருக்காங்க, இதுல பிரயோஜனம் உண்டா இல்ல வெறும் கண்துடைப்பான்னு கேட்டிருக்கீங்க. கூடவே, ரெண்டு வருஷமா எங்களுக்கு ஒரு எல்டிஐ கூட இல்ல, அப்புறம் எதுக்கு இந்த செலவுன்னு ஒரு வரி. அந்த ரெண்டாவது வரிதான் எனக்கு பயமா இருக்கு, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எல்டிஐன்னா அடிபட்டு மறுநாள் வேலைக்கு வரமுடியாம போற காயம். அந்த கணக்கு எதை காட்டும்னா வழுக்கி விழுறது, விரல் நசுங்குறது, ஏணியில இருந்து விழுறது இதையெல்லாம் காட்டும். ரியாக்டர் பிரஷர் ஏறுதா, அதிக பிரஷரை வெளிய விடற ரிலீஃப் வால்வ் வேலை செய்யுமா, திரவ மட்டத்தை அளக்கற லெவல் டிரான்ஸ்மிட்டர் சொல்றது நிஜமான்னு எதையும் அது காட்டாது. ஆளை கொல்ற பெரிய விபத்து எல்லாம் இந்த ரெண்டாவது பக்கத்துல இருந்துதான் வருது. 2010 ஏப்ரல் 20ம் தேதி மெக்சிகோ வளைகுடால டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடிச்சு 11 பேர் செத்தாங்களே, அன்னிக்கு அந்த ரிக்ல பிபி, டிரான்ஸ்ஓஷன் ரெண்டு கம்பெனி பெரிய ஆளுங்களும் வந்திருந்தாங்க. வந்த காரணத்துல ஒண்ணு, ஏழு வருஷமா லாஸ்ட் டைம் காயம் இல்லன்னு பாராட்டுறது. அவங்க சுத்திப் பார்த்துகிட்டு டிரில் ஃப்ளோர் பக்கம் போன நேரத்துல அங்க ஒரு பிரஷர் டெஸ்ட் ரிசல்ட் புரியாம ஆளுங்க குழம்பிகிட்டு இருந்தாங்க. அந்த டெஸ்ட்டை தப்பா புரிஞ்சுகிட்டு எல்லாம் சரின்னு அடுத்த வேலைக்கு போனதுதான் அன்னிக்கு ராத்திரி வெடிச்சதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. ஏழு வருஷ ரெக்கார்ட் அதை தடுக்கல, தடுக்கற வேலை அதுக்கு கிடையவும் கிடையாது.

சரி, கன்சல்டன்ட் விஷயத்துக்கு வரேன். இந்த துறையில இருக்கறவங்க எல்லாரும் ஒரு தடவையாவது உக்காந்து படிக்க வேண்டிய கேஸ் டெக்சாஸ் சிட்டி. பிபி கம்பெனியோட ரிஃபைனரி, 2005 மார்ச் 23, மத்தியானம் ஒண்ணே கால் தாண்டி வெடிச்சது. 15 பேர் செத்தாங்க, 180 பேருக்கு காயம். வெடிச்ச விதம் எல்லாருக்கும் ஓரளவு தெரியும், ஐசோமரைசேஷன் யூனிட்டை ஷட்டவுன் முடிஞ்சு ஸ்டார்ட் பண்றப்ப ராஃபினேட் ஸ்ப்ளிட்டர்னு ஒரு டவர், 170 அடி உயரம், அதுல அடியில சில அடி அளவுக்கு திரவம் நிக்கணும், ஆனா மணிக்கணக்கா உள்ள போய்கிட்டே இருக்கு வெளிய எதுவும் போகல. லெவல் டிரான்ஸ்மிட்டர் ஏறக்குறைய ஒன்பது அடி வரைக்கும்தான் அளக்கும், அதுக்கு மேல போனப்புறம் அது காட்டினது பொய், அதுவும் லெவல் குறையுதுன்னு பொய். தனியா இருந்த ஹை லெவல் அலாரம் அடிக்கல. சைட் கிளாஸ் அழுக்கு புடிச்சு உள்ள ஒண்ணும் தெரியல. உள்ள எவ்வளவு போகுது வெளிய எவ்வளவு போகுதுங்கறது கம்ப்யூட்டர்ல ஒரே ஸ்க்ரீன்ல கிடையாது. கண்ட்ரோல் ரூம் பேனல்ல ஒரே ஆள், அவர் பார்க்க வேண்டியது மூணு யூனிட். ஆபரேட்டர்ங்க ஒரு மாசத்துக்கு பக்கமா லீவே இல்லாம பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்துகிட்டு இருந்தவங்க. கடைசியில டவர் நிரம்பி ரிலீஃப் வால்வ் திறந்து எல்லாம் அதை புடிச்சு வைக்கற ஒரு பழைய ப்ளோடவுன் டிரம்முக்கு போய், அதோட ஸ்டாக், அதாவது புகைபோக்கி, கேஸை எரிச்சு விடற ஃபிளேருக்கு போகாம நேரா வெளிக்காத்துல திறந்திருக்கற டிசைன், அது வழியா பெட்ரோல் மாதிரி திரவம் ஊத்து மாதிரி அடிச்சுது. பக்கத்துல இன்ஜின் ஓடிகிட்டு நின்ன ஒரு டீசல் பிக்கப் வண்டி பத்த வச்சிருச்சு.

செத்த 15 பேரும் அந்த யூனிட் ஆளுங்களே இல்லங்கறதுதான் கொடுமை. வேற யூனிட் ஷட்டவுன் வேலைக்கு வந்த காண்ட்ராக்ட் ஆளுங்க, ப்ளோடவுன் டிரம்முக்கு கிட்டத்தட்ட 120 அடி தூரத்துல போட்ட டிரெய்லர் ஆபீஸ்லயும் அதை சுத்தியும் இருந்தவங்க. பக்கத்துல ஸ்டார்ட்டப் நடக்குதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. டிரெய்லரை அங்க வைக்கறதுக்கு எம்ஓசி, அதாவது ஒரு மாற்றம் பண்றதுக்கு முன்னாடி ரிஸ்க்கை பார்க்கற பேப்பர் எல்லாம் போட்டிருந்தாங்க, அதுல இருந்த பாயிண்ட்டெல்லாம் க்ளோஸ் ஆகறதுக்கு முன்னாடியே ஆள் உள்ள உக்காந்தாச்சு.

இதுவரைக்கும் நிறைய பேர் சொல்லுவாங்க. நான் சொல்ல வந்தது அதுக்கு முன்னாடி நடந்தது. 2004ல மட்டும் அந்த ரிஃபைனரியில விபத்துகள்ல மூணு பேர் செத்திருந்தாங்க. ஆனா அதே வருஷத்து காய ரேட்டை பார்த்தா ரிஃபைனரி துறை சராசரில மூணுல ஒரு பங்கு, ரெக்கார்டுல பிரமாதம். பிளான்ட்டோட தலைமை மேனேஜருக்கு இது சரியில்லன்னு பட்டது, அவரே டெலோஸ்னு ஒரு கன்சல்டன்சி கம்பெனியை கூப்பிட்டு, எங்க ஆளுங்க மனசுல என்ன இருக்குன்னு பார்த்து சொல்லுங்கன்னார். அவங்க ஆயிரம் பேருக்கு மேல சர்வே எடுத்தாங்க, நூறு பேருக்கு மேல உக்கார வச்சு பேசினாங்க. 2005 ஜனவரியில ரிப்போர்ட் வந்துச்சு. பூசி மெழுகல. இங்க வேலை பார்க்கற ஆளுங்க பெரிய விபத்து வரும்னு பயந்துகிட்டு இருக்காங்க, இன்னிக்கு நான் செத்துப்போகலாம்ங்கற நினைப்போட இத்தனை பேர் வேலைக்கு வர்ற இடத்தை நாங்க பார்த்ததே இல்ல, ப்ரொடக்ஷனும் பட்ஜெட்டும்தான் இங்க முதல் மரியாதைன்னு எழுதி கொடுத்தாங்க. ரிஃபைனரியோட சொந்த சேஃப்டி டிபார்ட்மென்ட் 2005க்கு போட்ட பிளான்லயே அடுத்த 12 முதல் 18 மாசத்துக்குள்ள இங்க யாராவது சாவாங்கன்னு ரிஸ்க்கா எழுதி வச்சிருந்தாங்க. ரிப்போர்ட் ஜனவரி, வெடிச்சது மார்ச்.

அப்போ கன்சல்டன்ட் பிரயோஜனமா இல்லையா? வேலையை சரியா பண்ணாங்க, உள்ளதை உள்ளபடி சொன்னாங்க. ஆனா அந்த ரிப்போர்ட் போய் சேர்ந்த ஆள் கையில பிரச்சினையை தீர்க்கற அளவுக்கு காசும் அதிகாரமும் இல்ல. அந்த மேனேஜர் மோசமான ஆள் இல்ல, சொல்லப்போனா அந்த நாற்காலியில உக்காந்தவங்கள்ல அவர்தான் உருப்படியா முயற்சி பண்ணவர், லண்டன் வரைக்கும் போய் பெரிய தலைங்க முன்னாடி இந்த இடம் பாதுகாப்பா இல்லன்னு ஸ்லைடு போட்டு காட்டினார். செலவு கொஞ்சம் கூட்டியும் பார்த்தாங்க. ஆனா மேலிடத்துல இருந்து 1999லயே செலவுல 25% குறைன்னு ஒரு வெட்டு விழுந்திருந்தது, 2005 பட்ஜெட்டுக்கும் இன்னொரு 25% குறைக்க முடியுமா பாருங்கன்னு சவால் வந்தது. லண்டன்ல இருக்கறவங்க டேபிள்ல இருந்தது காய ரேட், அது வருஷா வருஷம் அழகா இறங்கிகிட்டு இருந்துச்சு. அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில அப்புறம் போட்ட குழு 2007 ஜனவரியில கொடுத்த அறிக்கையில சொன்ன முக்கியமான விஷயமே இதுதான், காய எண்ணிக்கை குறையறதை பார்த்து ப்ராசஸ் சேஃப்டியும், அதாவது வெடிப்பு, கசிவு மாதிரி பெரிய விபத்தை தடுக்கற பாதுகாப்பும், நல்லாத்தான் இருக்குன்னு கம்பெனி தப்பா நினைச்சுகிச்சு.

அதனால என்னோட கருத்து என்னன்னா, கன்சல்டன்ட் கெட்டிக்காரனா இல்லையாங்கறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அவர் எழுதப்போற கெட்ட செய்தி யார் கைக்கு போகும், அந்த ஆளால யூனிட்டை நிறுத்த முடியுமா, பணம் ஒதுக்க முடியுமா. அதை முடிவு பண்ணாம ஆரம்பிக்கிற ப்ரோக்ராம் எல்லாம் சுகர் டெஸ்ட் எடுத்துட்டு ரிசல்ட்டை பிரிக்காம பீரோல வச்ச கதைதான்.

போபால்லயும் இதே கதைதான். 1984 டிசம்பர் 2ம் தேதி ராத்திரி சுமார் 40 டன் மிக் (மெத்தில் ஐசோசயனேட்ங்கற விஷ ரசாயனம்) வெளியானதுக்கு ரெண்டரை வருஷம் முன்னாடி, 1982 மே மாசம், யூனியன் கார்பைடோட அமெரிக்க டீம் வந்து அந்த பிளான்ட்டை ஆடிட் பண்ணி குறைகளை எழுதிட்டு போனாங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? 1984ல மிக் டேங்கை குளிர வைக்கற ரெஃப்ரிஜரேஷனை நிறுத்தி வச்சாங்க, விஷ வாயுவை கழுவி எடுக்கற ஸ்க்ரப்பர் ஸ்டாண்ட்பைல, ஃபிளேருக்கு போற பைப் துருப்பிடிச்சதுன்னு கழட்டி வச்சாச்சு. ஆடிட் நடந்த பிளான்ட்தான், ஃபைல் இருந்த பிளான்ட்தான்.

இதுக்கு நேர் எதிரான ஒரு கேஸும் இருக்கு, அங்க கன்சல்டன்ட் பக்கமே கோளாறு. நிம்ராட்னு பிரிட்டிஷ் ஏர்ஃபோர்ஸ் விமானம், 2006 செப்டம்பர் 2, ஆப்கானிஸ்தான்ல காந்தஹார் பக்கம் நடுவானத்துல தீப்பிடிச்சு 14 பேரும் செத்தாங்க. நடுவானத்துல எரிபொருள் நிரப்பி கொஞ்ச நேரத்துல கசிஞ்ச எரிபொருள் சூடான பைப் பக்கம் போய் பத்திகிச்சு. அந்த மாதிரி ரிஸ்க்கை கண்டுபிடிக்கறதுக்குன்னே அந்த விமானத்துக்கு சேஃப்டி கேஸ், அதாவது என்னென்ன ஆபத்து இருக்கு, அதை எப்படி கட்டுப்படுத்தறோம்னு காட்டற ஆவணம், ஒண்ணு தயார் பண்ணிருந்தாங்க. எழுதினது பிஏஇ சிஸ்டம்ஸ், தனியா நின்னு சரிபார்க்க வேண்டிய ஆலோசகர் கினெட்டிக், வாங்கிக்கிட்டது பாதுகாப்பு அமைச்சகத்தோட ப்ராஜெக்ட் டீம். 2009ல சார்ல்ஸ் ஹேடன்-கேவ் கொடுத்த விசாரணை அறிக்கையை படிச்சா வயிறு எரியும். அடையாளம் கண்ட ஆபத்துகள்ல 40% ஓபன், 30% வகைப்படுத்தவே இல்ல, ஆனா வேலை முடிஞ்சதுன்னு ஒப்படைச்சாச்சு. முப்பது வருஷத்துக்கு மேல பறக்குது, ஒண்ணும் ஆகாதுங்கற நம்பிக்கை எல்லாருக்கும், அதனால ஆபத்தை தேடறதுக்கு பதிலா பேப்பரை முடிக்கற வேலையா போச்சு. எழுதினவனுக்கு சீக்கிரம் முடியணும், சரிபார்க்கறவனுக்கு சங்கடம் வேண்டாம், வாங்குறவனுக்கு டிக் அடிக்கணும், மூணு பேரும் சந்தோஷம்.

நம்ம ஊர்லயும் இந்த வகை ரிப்போர்ட் எக்கச்சக்கம், ஒத்துக்கணும். போபாலுக்கு அப்புறம் வந்த 1989 அபாயகர ரசாயன விதிகள்படி பெரிய அளவுல அபாயமான ரசாயனம் வச்சிருக்கற இடம் எல்லாம் சம்பந்தமில்லாத வெளி நிபுணரை வச்சு வருஷத்துக்கு ஒரு தடவை சேஃப்டி ஆடிட் பண்ணி அதை அதிகாரிக்கு அனுப்பணும். சட்டம் நல்ல சட்டம். ஆனா ஆடிட்டருக்கு காசு கொடுக்கறது ஆடிட் பண்ணப்படுறவன், கொட்டேஷன்ல யார் கம்மியோ அவங்களுக்கு ஆர்டர், வந்தவர் ரெண்டு நாள் சுத்திட்டு ஃபயர் எக்ஸ்டிங்விஷர் தேதி, ஹெல்மெட், ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்னு எழுதிட்டு போறார். போன கம்பெனிக்கு எழுதின ரிப்போர்ட்ல பேரை மாத்த மறந்துட்டு அப்படியே வந்ததையும் நான் பார்த்திருக்கேன், அதை ஃபைல் பண்ணி வச்ச ஆளும் கவனிக்கல, ஏன்னா யாரும் படிக்கல.

அப்போ நல்ல கன்சல்டன்ட்டை எப்படி கண்டுபிடிக்கறது? ஹேஸாப், அதாவது பிளான்ட்டை பகுதி பகுதியா பிரிச்சு எது தப்பா போகலாம்னு குழுவா உக்காந்து தேடற ஆய்வு, பண்ண வந்தா, யார் யார் உக்காரணும்னு அவரே கண்டிஷன் போடணும். பேனல் ஆபரேட்டரும் மெயின்டனன்ஸ் ஆளும் இல்லாம ஹோட்டல் ஹால்ல பண்ற ஹேஸாப் வேஸ்ட், பிஐடில, அதாவது பிளான்ட் பைப் வரைபடத்துல, இருக்கற வால்வ் நிஜத்துல எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொல்ற ஆள் அந்த ரூம்ல இருக்கணும். ஆபரேட்டர் ஒருத்தர் நாங்க இதை எப்பவும் இப்படி செய்ய மாட்டோம் சார்னு ஒரு வார்த்தை சொன்னா அங்கேயே மீட்டிங்கை நிறுத்தி அதை தோண்டுறாரா, இல்ல ப்ரொசீஜர்ல அப்படித்தானே இருக்குன்னு அடுத்த நோடுக்கு, அதாவது அடுத்த பகுதிக்கு, போறாரான்னு பாருங்க, அதுலயே ஆள் தெரிஞ்சுரும். டெக்சாஸ் சிட்டியிலயும் ஸ்டார்ட்டப்ல ப்ரொசீஜர் சொன்ன லெவலுக்கு மேல நிரப்பறதுதான் அங்க வழக்கமா இருந்தது, பல ஸ்டார்ட்டப் அப்படித்தான் நடந்திருக்கு, அந்த வழக்கத்தை யாரும் எடுத்து பார்க்கல. ரிஸ்க் கணக்கு போட்டு பத்து லட்சத்துல ஒண்ணுன்னு நம்பர் கொடுக்கறவங்ககிட்ட ஒரே கேள்வி கேளுங்க: இந்த நம்பருக்கு எந்தெந்த இன்டர்லாக் (ஆபத்து வந்தா தானா நிறுத்தற அமைப்பு) வேலை செய்யும்னு வச்சுகிட்டீங்க, அதுல எது எது இப்ப பைபாஸ்ல, அதாவது வேலை செய்யாம ஒதுக்கி, இருக்குன்னு எங்ககிட்ட கேட்டீங்களா. முழிப்பாங்க பாதி பேர்.

பிஹேவியர் பேஸ்டு சேஃப்டின்னு ஒண்ணு விப்பாங்க, கார்டு எழுதுறது, சக தொழிலாளி ஹேண்ட்ரெயில் புடிச்சானா பார்க்கறது. கெட்டதுன்னு சொல்லல, சில்லறை காயம் குறையும். ஆனா ஹை ஹசார்ட் பிளான்ட்ல காசு முழுக்க அதுலயே போட்டா மறுபடியும் எல்டிஐ கதைதான், ஆபத்து கீழ இருக்கற ஆளோட நடத்தையில மட்டும்தான் இருக்குன்னு மேல இருக்கறவங்களுக்கு ஒரு நிம்மதி வந்துரும். ஆஸ்திரேலியாவுல லாங்ஃபோர்ட் எஸ்ஸோ கேஸ் பிளான்ட், 1998 செப்டம்பர் 25, ரெண்டு பேர் சாவு, எட்டு பேருக்கு காயம், விக்டோரியா மாநிலத்துக்கே ரெண்டு வாரம் கேஸ் இல்ல. கம்பெனி ஆபரேட்டர் மேல பழிய போட பார்த்துச்சு, ராயல் கமிஷன் அதை ஏத்துக்கல. பல வருஷம் முன்னாடியே இன்ஜினியர்களை பிளான்ட்ல இருந்து மெல்போர்ன் ஆபீஸுக்கு மாத்திட்டாங்க, அந்த யூனிட்டுக்கு பண்றோம்னு சொன்ன ஹேஸாப் பண்ணவே இல்ல, இதெல்லாம் அங்கதான் வெளிய வந்தது. ஹேஸாப்பை தள்ளிப்போட்டது எந்த ஆபரேட்டரோட பிஹேவியர்?

இப்ப லீடர்ஷிப். இந்த வார்த்தையை வச்சு நிறைய வியாபாரம் நடக்குது, ஆனா விஷயம் நிஜம். பைப்பர் ஆல்ஃபா, 1988 ஜூலை 6, வடகடல்ல ஆக்ஸிடென்டல் கம்பெனியோட பிளாட்ஃபார்ம், 167 பேர் செத்தாங்க. வேலைக்கு கொடுக்கற அனுமதி சீட்டுல, அதாவது பெர்மிட்ல, நடந்த குளறுபடி பத்தி எல்லாரும் பேசுவாங்க, ஒரு பம்ப்போட ரிலீஃப் வால்வை சர்வீஸுக்கு கழட்டினது ராத்திரி ஷிஃப்ட்டுக்கு தெரியாம அந்த பம்ப்பை ஓட்டிட்டாங்க. ஆனா அதே அளவு முக்கியம், பக்கத்துல டார்ட்டன், கிளேமோர்னு ரெண்டு பிளாட்ஃபார்ம் இணைப்பு பைப்புல இருந்துச்சு, பைப்பர்ல தீ எரியறது தெரிஞ்சும் உடனே நிறுத்தாம கொஞ்ச நேரம் ப்ரொடக்ஷன் ஓட்டிகிட்டே இருந்தாங்க. நிறுத்தினா பெரிய நஷ்டம், மேல கேட்டுட்டு நிறுத்தலாம்ங்கற தயக்கம். பைப்பர்ல ஃபயர் பம்ப் ஆட்டோவுல இல்ல, தண்ணிக்குள்ள டைவர்ங்க வேலை பார்க்கறாங்க, உறிஞ்சிற கூடாதுன்னு மேனுவல்ல போட்டிருந்தாங்க, தீ வந்தப்ப அதை ஸ்டார்ட் பண்ண யாராலயும் கிட்ட போக முடியல. லார்ட் கல்லன் விசாரணை பண்ணி 106 பரிந்துரை கொடுத்தார், அதுக்கப்புறம்தான் பிரிட்டன்ல கடல் பிளாட்ஃபார்ம் எல்லாத்துக்கும் சேஃப்டி கேஸ் சட்டம் 1992ல வந்தது.

அதனால உங்க எம்டியோ ஜிஎம்மோ சேஃப்டி வாக்னு பிளான்ட்டுக்கு வந்தா ஹெல்மெட் போட்டியா, கையுறை எங்கன்னு கேட்டுட்டு போட்டோ எடுத்துட்டு போறது லீடர்ஷிப் இல்ல. கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து, இப்ப எத்தனை இன்டர்லாக் பைபாஸ்ல இருக்கு, யார் கையெழுத்து, எப்ப திரும்ப போடுவீங்க. டெஸ்ட் தேதி தாண்டின ரிலீஃப் வால்வ் எத்தனை. ஃபயர் பம்ப் ஆட்டோவா மேனுவலா. போன மாசம் யாராவது சந்தேகத்துல யூனிட்டை நிறுத்தினாங்களா, நிறுத்தினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கணும். கடைசி கேள்விதான் முக்கியம். நிறுத்துற அதிகாரம் எல்லாருக்கும் இருக்குன்னு போர்டு எல்லா பிளான்ட்லயும் தொங்குது, ஆனா நிறுத்தின ஷிஃப்ட் இன்சார்ஜை மறுநாள் காலைல மீட்டிங்ல நிக்க வச்சு டன் கணக்கு கேட்டா அந்த போர்டை ஜென்மத்துக்கும் யாரும் நம்ப மாட்டாங்க. உங்களுக்கு சொல்லணுமா, நீங்களே அந்த நாற்காலியில இருக்கீங்க.

உங்க ப்ரோக்ராம் கண்துடைப்பா இல்லையான்னு எனக்கு இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனா நீங்க ரெண்டு மூணு விஷயம் பார்த்து தெரிஞ்சுக்கலாம். கன்சல்டன்ட் ஷிஃப்ட்டுக்கு வந்தாரா, குறிப்பா நைட் ஷிஃப்ட்டுக்கு, ஞாயித்துக்கிழமை? காண்ட்ராக்ட் ஆளுங்ககிட்ட தனியா பேசினாரா, சூப்பர்வைசர் பக்கத்துல நிக்காம? ரிப்போர்ட் சேஃப்டி ஆஃபீசர்கிட்ட போய் நிக்குதா இல்ல பணம் சாங்ஷன் பண்ற ஆளுக்கு நேரா போகுதா? ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் பேர், தேதி, பட்ஜெட் மூணும் இருக்கா? க்ளோஸ்டுன்னு போட்ட பாயிண்ட்டை களத்துல போய் பார்த்து க்ளோஸ் பண்ணாங்களா, இல்ல மெயில்ல க்ளோஸ் பண்ணாங்களா? பூனைக்கு யார் மணி கட்டுறதுன்னு எழுதாத ரிப்போர்ட்டை நான் ரிப்போர்ட்டாவே எடுத்துக்க மாட்டேன்.

கன்சல்டன்ட் உங்ககிட்ட பேச வந்தா வாயை மூடிகிட்டு எல்லாம் ஓகே சார்னு அனுப்பிடாதீங்க. பயம் இருந்தா பேர் போடாம எழுதிக்கறீங்களான்னு முதல்லயே கேளுங்க, நல்ல ஆளா இருந்தா அவரே சொல்லுவார். பொதுவா சொல்லாதீங்க, மேன்பவர் பத்தலன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் ஏறாது, இந்த தேதி ராத்திரி ஷிஃப்ட்ல இந்த பேனல்ல ஒரே ஆள், அப்ப இந்த அலாரம் இத்தனை தடவை அடிச்சதுன்னு லாக்புக்கோட சொல்லுங்க.

அப்புறம் ரொம்ப பேருக்கு தெரியாத ஒண்ணு. போபாலுக்கு அப்புறம் 1987ல ஃபேக்டரீஸ் ஆக்ட்ல 41எச்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க, உடனடி ஆபத்து வரும்னு தொழிலாளிக்கு நியாயமா தோணினா மேனேஜ்மென்ட்டுக்கு நேராவோ சேஃப்டி கமிட்டி மூலமாவோ சொல்லலாம், அதே நேரத்துல இன்ஸ்பெக்டருக்கும் தெரியப்படுத்தலாம், ஆபத்து நிஜம்னு மேனேஜருக்கு பட்டா உடனே நடவடிக்கை எடுத்து அதை பத்தின ரிப்போர்ட்டை இன்ஸ்பெக்டருக்கு அனுப்பணும். அந்த ஆக்டுக்கு பதிலா இப்ப வந்திருக்கற தொழில் பாதுகாப்பு கோட்லயும் அந்த உரிமை இருக்கு. எடுத்தவுடனே அதை தூக்கிகிட்டு போங்கன்னு சொல்லல, வேலை போயிருமோங்கற பயம் எனக்கும் புரியும். முதல்ல சேஃப்டி கமிட்டி மீட்டிங்ல உங்க பாயிண்ட்டை மினிட்ஸ்ல ஏத்த சொல்லுங்க, காப்பி ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. வாயால சொன்னது அந்த ரூமோட போயிரும், மினிட்ஸ்ல ஏறினதுக்கு கையெழுத்து போட்டவங்க பதில் சொல்லியாகணும்.